ஏரியின் மூச்சு

மலை நிலையம், லடாக்
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகிர்தா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் மூச்சு முட்டாமல் மலை மேல் வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? அண்ணன் டிராக்டரோடு எந்த ஊர் சேற்றில் நிற்கிறார்?

இங்கே டவர் கிடையாது. வாரத்துக்கு ஒரு ஜீப் கீழே போகும், அதில்தான் தபால். ஏப்ரலில் நான் இறங்கும்வரை நமக்குள் பேச்சு காகிதத்தில்தான். சுற்றிலும் வெறும் மலை. வானம் அவ்வளவு நீலம். பகலில் அண்ணாந்து பார்த்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் தலை சுற்றுகிறது.

நம் மாடியில் பொருத்தியிருக்கிறேனே, கறுப்புக் கண்ணாடி போலக் குமிழ் வைத்த பெட்டி, அதன் அண்ணன் பெட்டி ஒன்று இங்கேயும் இருக்கிறது. வானத்திலிருந்து இறங்கும் சூட்டை இரண்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை. காலையில் குமிழை ஈரத்துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். மாதம் பிறந்ததும் உள்ளே இருக்கும் மெமரி கார்டை எடுத்துக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு, மாற்றுக் கார்டைச் செருக வேண்டும்.

இது எனக்கு எட்டாவது வருடம், அண்ணி. வரும் ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும். இன்னொரு அவகாசம் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். பாதி ஆய்வு இந்த மலையில், மீதி உங்கள் கையில். அந்தக் குமிழைப் பெற்ற குழந்தையைப்போல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுகிர்தா

✽

உத்திரமேரூர்
21 நவம்பர் 2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

உன் அண்ணி மார்த்தாள் எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். முழங்கால் மழைக்குக் கொஞ்சம் முனகுகிறது, நடவு நின்றால் அதுவும் நிற்கும். நீ அங்கே சரியாகச் சாப்பிடுகிறாயா? சோறு கிடைக்கிறதா, ரொட்டிதானா?

உன் பெட்டியால் ஊரில் எங்களுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. நேற்று பக்கத்துத் தெரு ஏகாம்பரம் ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி, "இன்னா ஜான்சன், மாடி மேல இன்னாத்த கவுத்து வச்சிக்கீற?" என்று கேட்டார். உன் அண்ணன் விடுவாரா? "வானத்துக்கு ஜுரம் பாக்குற மிஷினுங்க. இன்னிக்கு நூத்தி ரெண்டு. நாளைக்கு ஊசி போடணும்" என்றார். அவர் தலையாட்டிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டு பிரிஸ்கில்லா மட்டும், "எங்களுக்குச் சொல்லாம உன் நாத்தனா மேல ஏதோ கேமரா வச்சிக்கீறா" என்று சாதிக்கிறாள். "ஆமாமே, நீ கொழம்புல புளி கரைக்கறத மேல இருந்து பாக்கறா" என்றேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. பொழுது சாய்ந்த பிறகும் அந்தப் பெட்டி ஏதோ எண் காட்டிக்கொண்டே இருக்கிறது. சூரியன் போன பிறகு வானத்துக்கு ஏது சூடு?

உன் அண்ணி,
மார்த்தாள்

✽

மலை நிலையம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே சோறும் உண்டு, ரொட்டியும் உண்டு, பசிதான் இல்லை. நலமாக இருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை எட்டு வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பொறுமையாகப் பதில் எழுதுகிறேன்.

மாலையில் மாடித் தளத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். சூரியன் போய்விட்டாலும் தளம் சுடும். பகலில் வாங்கிய சூட்டை அது கண்ணுக்குத் தெரியாத ஒளியாக மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. வயல், ஏரிக்கரை, எருமை முதுகு, நீங்கள், நான், எல்லோரும் விட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். காற்றில் பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவை ஒன்றோடொன்று கைகோத்த இரட்டையர்கள். அந்த ஒளி தங்களைக் கடந்து போவதையே கவனிக்க மாட்டார்கள். பகலின் வெயில் கீழே வரும்போதும், கரியமில வாயு உட்பட, யாரும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

ஆனால் மாலையின் ஒளி வேறு. கரியமில வாயுத் துகளைத் தோளில் கம்பும் இரண்டு பக்கமும் குடமுமாகத் தண்ணீர் கொண்டுபோகிற ஒருத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கார்பன், இரண்டு முனையிலும் இரண்டு ஆக்சிஜன். அந்தக் கம்பு வளைந்து வளைந்து ஆடுவதற்கென்று ஒரு தாளம் உண்டு. தரை அனுப்பும் ஒளியில் அதே தாளத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அது வந்து தொட்டதும் கம்பு ஆடத் தொடங்கிவிடும். ஒளி மறைந்து ஆட்டமாகிவிட்டது. இதைத்தான் நாங்கள் உட்கவர்தல் என்கிறோம்.

அந்த ஆட்டத்தை அவள் அதிக நேரம் வைத்துக்கொள்ள முடியாது. கீழே காற்றில் நெரிசல். பக்கத்தில் இருப்பவர்கள் இடித்துக்கொண்டே இருப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தர் தடுமாறினால் பத்துப் பேர் தள்ளாடுவதில்லையா, அப்படி அவள் ஆட்டம் சுற்றியிருப்பவர்களுக்குப் போய், காற்றே சூடாகிறது. சில நேரம் கூட்டம் இடித்ததில் அவள் கம்பு ஆடத் தொடங்கும். அப்போது அவள் புதிதாக ஒளியை விடுவாள். மேலே, கீழே, பக்கவாட்டில், எந்தத் திசை என்று பார்ப்பதில்லை. கீழே வருகிற பங்குதான் உங்கள் பெட்டியில் எண்ணாகத் தெரிகிறது.

பத்தாயிரம் துகளில் அவர்கள் நாலு பேர்தான். ஆனாலும் வானத்தின் உயரம் முழுக்க அடுக்கடுக்காக நிற்கிறார்கள். தரையின் சூடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, கடைசியில் எங்கே காற்று மெலிந்து வழி கிடைக்கிறதோ அங்கிருந்துதான் வெளியே தப்பும். கரியமில வாயு கூடினால் அந்த வாசல் இன்னும் உயரத்துக்குப் போய்விடும். உயரம் என்றால் குளிர். குளிர்ந்தவன் கொடுப்பது குறைவு. வெளியே போவது குறைந்தால் மிச்சம் இங்கேதானே தங்கும்?

உங்கள் காற்றில் ஈரமும் சேர்ந்து கூச்சல் போடும். ஈரமும் இதே வேலையைச் செய்வதுதான். இந்த மலையில் ஈரம் இல்லை. அதனால் அந்த நாலு பேரின் குரல் எனக்குத் தனியாகக் கேட்கிறது. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பனிமலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே காதில் கேட்பதுபோல் இருக்கும்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வானத்துக்கு இன்று நார்மல்.

சுகிர்தா

✽

உத்திரமேரூர்
3 ஜனவரி 2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்தும் புது வருட வாழ்த்தும். நாங்கள் சுகம். நீ இல்லாத பண்டிகை உப்பில்லாத கஞ்சி மாதிரி போனது. உனக்குக் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லையே?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நேற்று வயலில் நாற்றுக் கட்டைத் தூக்கி வீசும்போது அந்தக் குடக்காரியைத்தான் நினைத்துக்கொண்டேன். நான் எறிகிற கட்டை யார் பிடிக்கிறாள் என்று நானும் பார்ப்பதில்லை.

டிசம்பர் மாதத்துக் கார்டை இதோடு வைத்திருக்கிறேன். மழை விட்டுவிட்டது. மார்கழி பிறந்ததிலிருந்து பனிதான். காலையில் ஏரிப் பக்கம் பார்த்தால் கரை மேல் பனைமரம் மட்டும் தெரியும், கரை தெரியாது. ஞாயிறு அன்று விடியுமுன்னே ஜெபத்துக்கு நடந்து போனால் தலைத்துண்டு நனைந்துவிடுகிறது. உன் குழந்தையைப் பற்றி நீ கவலையே படாதே. ஒரு சொட்டுப் பனி அதன் தலையில் படவிடவில்லை.

உன் அண்ணி,
மார்த்தாள்

✽

மலை நிலையம்
24 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலம் மட்டுமில்லை, கால் தரையில் பாவவில்லை. கார்டைத் திறந்து பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

டிசம்பர் நடுவிலிருந்து நம் ஊர் வானம் ஒன்று செய்கிறது, அண்ணி. பொழுது சாய்ந்ததும், தரை எவ்வளவு சூட்டை மேலே விடுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவையும் வானம் கீழே திருப்பிக் கொடுக்கிறது. விடிந்ததும் நிறுத்திவிடுகிறது. மேகம் மூடியிருந்தால் அப்படி ஆகலாம். தெளிந்த வானத்தில் ஆகக் கூடாது. கரியமில வாயுவும் சாதாரண ஈரமும் சேர்ந்தால்கூட இவ்வளவு வராது. யாரோ ஒருவர் ஊரின் மேல் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கிறது!

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏரி நிறைந்திருக்கிறது. மாலையில் அதிலிருந்து எழும் ஈரம், பாலின் மேல் ஆடை படிவதுபோல், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக ஊர் மேல் படிகிறதோ? நான் அதற்கு 'ஏரியின் மூச்சு' என்று பெயர் வைத்துவிட்டேன். வேலைக்கு மட்டும் உள்ள சாட்டிலைட் போனில் என் ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னேன். எண்களை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "இது ஒன்று போதும், சுகிர்தா" என்றார். மார்ச்சில் எல்லோர் முன்னும் அறிவிக்கப் போகிறார்.

ஒரே ஒரு கேள்வி. நன்றாக யோசித்து எழுதுங்கள். அந்த நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு மேகம் இருந்ததா, நட்சத்திரம் தெரிந்ததா?

சுகிர்தா

✽

உத்திரமேரூர்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

மேகம் இல்லை. நட்சத்திரம் தெரிந்தது.

ஜனவரி மாதத்துக் கார்டு இதில் இருக்கிறது. அறுவடை தொடங்கிவிட்டதால் நேரம் இல்லை. பிரிஸ்கில்லா மறுபடி பேசுகிறாள். வேறொன்றும் விசேஷம் இல்லை.

மார்த்தாள்

✽

மலை நிலையம்
6 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஏதாவதா? இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதியதே இல்லை. முழங்காலா? அண்ணனோடு சண்டையா? என்னிடம் சொல்லலாம்.

உங்கள் இரண்டாவது வரியை வழிகாட்டிக்குப் போனில் படித்துக் காட்டினேன். 'மேகம் இல்லை. நட்சத்திரம் தெரிந்தது.' கவிதை போல இருக்கிறது என்றார். நேற்று அறிவித்துவிட்டார். ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்திலிருந்து, பட்டம் கிடைத்ததும் தங்களிடம் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறார்களாம். இருக்கிற இடத்திலிருந்து ஓர் எட்டு வைத்தால் மலை முடிந்து வானம் தொடங்கிவிடும்போல் இருக்கிறது. நீங்கள் மட்டும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் இந்தச் சந்தோஷம் முழுசாகியிருக்கும்.

சுகிர்தா

✽

உத்திரமேரூர்
19 மார்ச் 2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் இல்லை. இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்துகொள்.

கம்பளி போர்த்தியது நான்தான்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே. மார்கழிப் பனியில் கைக்குழந்தையை வெறுந்தலையோடு யாராவது வெளியே விடுவார்களா? குழந்தையைப்போல் பார்த்துக்கொள் என்று நீ எழுதியிருந்தாய். பொழுது சாய்ந்ததும் உன் அண்ணனின் கம்பளியை நாலாக மடித்துக் குமிழ் மேல் போர்த்திவிடுவேன். விடிந்ததும் எடுத்துத் துடைப்பேன். போகிக்குக் கொளுத்துகிற புகையும் படவில்லை என்று பெருமையாக இருந்தேன்.

உன் ஜனவரிக் கடிதத்தை மாடியில் நின்று உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். 'யாரோ ஒருவர் கம்பளி போர்த்தியதுபோல்' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, யாரோ இல்லமே, அது நீதான்!" என்றார். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மெதுவாக, "சொல்லாதமே. இப்பப் போய்ச் சொன்னா அவ எட்டு வருஷமும் பூடும்" என்றார். அன்றைக்கு பிப்ரவரி எட்டு. அன்றோடு போர்த்துவதை விட்டேன். ஆனால் சொல்லவில்லை. நட்சத்திரம் தெரிந்தது என்று எழுதினேன். அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது. உன் பெட்டிக்குத்தான் தெரியவில்லை.

நீ அறிவித்தாகிவிட்டது என்று எழுதியதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. பிப்ரவரி மாதத்துக் கார்டை இதோடு வைத்திருக்கிறேன். எட்டாம் தேதிக்குப் பிறகு ஏரிக்கு மூச்சு இருக்காது.

மார்த்தாள்

✽

உத்திரமேரூர்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நான்கு வாரமாகிறது. தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நீ திட்டி எழுது, பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருக்காதே. மலையிலிருந்து இறங்கியிருப்பாய் என்று உன் அண்ணன் சொல்கிறார். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

அண்ணி

✽

பெங்களூரு
2 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னியுங்கள். பத்திரமாக இறங்கிவிட்டேன். உங்கள் நம்பரைப் பதினோரு தடவை திரையில் பார்த்தேன். இதைக் குரலில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உங்கள் பெயரைக்கூட நினைக்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள்தான் கோபம் உங்கள் மேல் இல்லை என்று தெரிந்தது.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும், அண்ணி.

கம்பளி என்று தெரியாது. ஆனால் ஏதோ கை இருக்கிறது என்று தெரியும். மற்ற நாளெல்லாம் மூச்சு ஆறு மணிக்கு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாலரைக்கே நின்றது. கிறிஸ்துமஸ் அன்று மூன்று மணிக்கு. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, நீங்கள் ஆராதனை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்குத்தான் தொடங்கவே தொடங்கியது. எந்த ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியும்? நாள் நாளாகப் பிரித்த படத்தைத் திரையில் பார்த்தேன். பிறகு எல்லா நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். சராசரியில் ஞாயிற்றுக்கிழமை காணாமல் போய்விடும். அந்தப் படத்தைத்தான் வழிகாட்டிக்கு அனுப்பினேன்.

நீங்கள் என்னிடம் ஐந்து வாரம் மறைத்தீர்கள். நான் என்னிடமே மூன்று மாதம் மறைத்தேன். மேகம் இருந்ததா என்று உங்களைக் கேட்டேனே தவிர, பெட்டியை ஏதாவது செய்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்று பயம்.

பன்னிரண்டாம் தேதி ஆய்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும். நாம் மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. என்ன செய்யப் போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை.

சுகிர்தா

✽

உத்திரமேரூர்
6 மே 2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும், தெம்பு வந்துவிட்டது. அங்கே வெயில் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்குப் பெரிய யோசனை தெரியாது. உன் அண்ணன் சொல்வதை எழுதுகிறேன். "எல்லாத்தையும் உன் மேல போட்டுட்டு அவள தப்பிச்சிக்கச் சொல்லு. நாத்து நடுற பொம்பள, அவளுக்கு இன்னா தெரியும்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்கிறார். நானும் அதையே சொல்கிறேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் விவரம் தெரியாதவள், எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடும்.

அண்ணி

✽

பெங்களூரு
14 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். நலமாகவே இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தேவயானி அம்மாள் வயதில் மூத்தவர். முதல் படத்தைத் திரையில் போட்டேன். சராசரி எடுத்த படம் இல்லை, நாள் நாளாகப் பிரித்த படம். தேவயானி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னாம்மா இது, உங்க ஏரி கோயிலுக்குப் போவுதா?" என்று கேட்டார். அவருக்கும் நம் பக்கத்து ஊர்தானாம். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"கருவி மூடப்பட்டிருந்தது" என்றேன்.

"யார் மூடியது?"

நீங்கள் எழுதிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்காது. நாற்று நடுகிற பெண் என்றால் அவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டுவிடுவார்கள்.

"என் அண்ணி. பனி படக் கூடாது என்று மூடினார். தெரிந்ததும் எடுத்துவிட்டார், எழுதியும் சொன்னார். ஜனவரியிலேயே இந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்துவிட்டு மறைத்தது நான்" என்றேன்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். வராந்தாவில் நாற்பது நிமிடம் நின்றேன். பிறகு வழிகாட்டி வந்தார். ஏரியின் மூச்சு என்ற அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். அறிவித்ததை அவர் பெயரிலேயே திரும்பப் பெறுவார். ஜெர்மனிக்கும் எழுதியாகிவிட்டது, அந்த இடம் போயிற்று. மலையில் எடுத்ததை மட்டும் வைத்து ஜூன் முப்பதுக்குள் கொடுக்கலாம். "மெலிந்த ஏடு. தேறலாம், தேறாமலும் போகலாம்" என்றார். போகிற போக்கில் என் தோளைத் தொடாமல், கதவைப் பார்த்துக்கொண்டே, "அந்த முதல் படத்தை நீ ஜனவரியில் அனுப்பியிருக்கலாம்" என்றார்.

இன்று காலையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே குல்மொஹர் பூத்துக் கொட்டுகிறது. பக்கங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கில் தொண்ணூறுதான் மிஞ்சியிருக்கிறது. காற்று மெலிந்த, ஈரம் இல்லாத ஒரு மலை, அதன் மேல் பத்தாயிரத்தில் நாலு பேர், அவர்கள் வாங்குவதும் கொடுப்பதும். அவ்வளவுதான். தேறுமா என்று தெரியாது, அண்ணி. ஆனால் அந்தத் தொண்ணூறு பக்கத்தில் நான் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டது ஒன்றுமில்லை.

அண்ணனுக்கு என் அன்பு. இன்று மாலை ஏழு மணிக்கு நானே போன் செய்கிறேன் என்று எழுத வந்தேன். இந்தக் கடிதம் வருவதற்குள் பேசியிருப்போம்.

உங்கள்,
சுகிர்தா